லிங்க் இருக்கு, நெட் இல்லை: நெட்வொர்க் விவரங்களைப் படிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரி சுற்றுவட்டாரத்தில் தேயிலை ஃபாக்டரி, ஹோம்ஸ்டே, பள்ளிக்கூடம், நாலு கம்ப்யூட்டர் வைத்த கடை என்று நெட்வொர்க் வேலை பார்ப்பவன் நான். போன் வந்தால் முதலில் கேட்பது "ஸ்க்ரீன்ல என்ன காட்டுது?" என்றுதான். "எல்லாம் நல்லாத்தான் காட்டுது, ஆனா ஓட மாட்டேங்குது" என்று பதில் வரும். அந்த "நல்லாத்தான் காட்டுது"வைப் பிரித்துப் பார்க்கத்தான் இந்தப் பக்கம். என்ன காட்டுகிறார்கள் என்பதோடு, எப்படிக் காட்டியிருக்க வேண்டும் என்ற என் புலம்பலும் கூடவே வரும். கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் எது என்று பிடிபட்டுவிடும்.

"கனெக்டட்" என்று காட்டுகிறது. நெட் வரவில்லை. கம்ப்யூட்டர் பொய் சொல்கிறதா?

பொய் இல்லை. நீங்கள் ஒன்று கேட்கிறீர்கள், அது வேறொன்றுக்குப் பதில் சொல்கிறது.

அரவேணுவில் ஒரு வீட்டு மேசையிலிருந்து கிளம்பும் வழியைப் பாருங்கள். லேப்டாப்பிலிருந்து ரவுட்டருக்கு மூன்று மீட்டர் கேபிள். ரவுட்டரிலிருந்து சுவரில் மாட்டிய ஃபைபர் பெட்டிக்கு ஒரு முழக் கேபிள். அங்கிருந்து கம்பம் கம்பமாக, சில்வர் ஓக் மரங்களை உரசிக்கொண்டு, தோட்டம் தாண்டி எக்ஸ்சேஞ்ச் வரை ஃபைபர். லேப்டாப் "கனெக்டட்" என்பது முதல் மூன்று மீட்டருக்கு மட்டும். காற்றில் கிளை முறிந்து ஃபைபர் அறுந்து கிடந்தாலும் அந்த மூன்று மீட்டருக்கு ஒரு குறையும் இல்லை.

அதனால் முதலில் ஃபைபர் பெட்டியைப் பாருங்கள். எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக மினுக்கினால் வெளியிலிருந்து வெளிச்சம் வரவில்லை. லேப்டாப்பில் எதைத் தட்டியும் பயனில்லை. இணைப்பு கொடுத்தவர்களைக் கூப்பிடுங்கள். சிவப்பு இல்லையென்றால் லேப்டாப்பின் ஐபி முகவரியைப் பாருங்கள். அது 169.254 என்று ஆரம்பித்தால் கேபிளில் உயிர் இருக்கிறது, ஆனால் முகவரி கொடுக்க மறுமுனையில் ஆள் இல்லை. ரவுட்டர் தொங்கிப் போயிருக்கலாம், யாரோ பெருக்கும்போது பிடுங்கி வேறு துளையில் செருகியிருக்கலாம்.

விண்டோஸ் இன்னும் ஒரு படி மேலே போகப் பார்க்கிறது. மைக்ரோசாஃப்ட்டின் சர்வரில் இருக்கும் ஒரு சின்ன டெக்ஸ்ட் கோப்பை எடுத்துப் பார்க்கும். கிடைக்கவில்லை என்றால் ஐகானைப் பூமி உருண்டையாக்கி "இன்டர்நெட் இல்லை" என்னும். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த ஒரு சர்வருக்குப் போகும் வழி மட்டும் அடைபட்டிருந்தாலும் இதே தீர்ப்புத்தான். நெட் நன்றாக ஓடும்போதே உருண்டையைப் பார்த்துப் பயந்து போன் செய்தவர்கள் உண்டு.

லினக்ஸில் "ஐபி லிங்க்" அடித்தால் ஒரே வரியில் மூன்று "அப்" வருகிறது. எதை நம்புவது?

கம்ப்யூட்டரின் ஒவ்வொரு நெட்வொர்க் இணைப்பு முனையின் (இன்டர்ஃபேஸ்) நிலையைக் காட்டும் கட்டளை இது. மூன்று "அப்"பும் மூன்று சங்கதி. நம் ஊரில் முறைத் தண்ணீர்தானே? குழாயைத் திறந்து குடத்தை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவோம். குழாய் திறந்திருக்கிறது என்பது ஒன்று, தண்ணீர் வந்துவிட்டது என்பது இன்னொன்று.

கோண அடைப்புக்குள் தனியாக நிற்கும் "அப்", குழாயைத் திறந்து வைத்த கதை: நீங்களோ சிஸ்டமோ அந்த இன்டர்ஃபேஸை ஆன் செய்திருக்கிறது, அவ்வளவுதான். பக்கத்தில் வரும் "லோயர் அப்", மறுமுனையிலிருந்து சிக்னல் வருகிறது என்று கார்டின் டிரைவர் சொன்னது. அதற்குப் பதில் "நோ கேரியர்" இருந்தால் குழாய் திறந்திருக்கு, தண்ணீர் இல்லை. அடைப்புக்கு வெளியே "ஸ்டேட்" என்ற சொல்லுக்குப் பின் வருவது இரண்டையும் வைத்துக் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எழுதும் தீர்ப்பு. அப், டவுன் தவிர டார்மன்ட், லோயர் லேயர் டவுன், அன்னோன் என்றும் வரும். இந்தப் பெயர்கள் 2000இல் வந்த ஆர்எஃப்சி 2863 என்ற இணையத் தரநிலை ஆவணத்தின் வழக்கம். டார்மன்ட் என்றால் கேட் வரை வந்தாயிற்று, வாட்ச்மேன் இன்னும் உள்ளே விடவில்லை என்று பொருள்: பாஸ்வேர்டு, சான்றிதழ் மாதிரி ஏதோ ஒன்று பாக்கி இருக்கிறது.

என் குறை, ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு வைத்திருப்பது. நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்கும் எஸ்என்எம்பியில் "நிர்வாகம் வைத்திருக்கும் நிலை", "உண்மையில் இயங்கும் நிலை" என்று இரண்டு தனிப் புலங்களே உண்டு. "ஐபி" கட்டளைக்கும் இரண்டும் தெரியும். தெரிந்தும் பெரிய எழுத்துச் சொற்களின் குவியலுக்குள் புதைத்து வைத்திருக்கிறது. சோலூர்மட்டத்திலிருந்து ஒரு தம்பி போனில் "அப்புன்னுதான் சார் இருக்கு" என்று அரை மணி நேரம் சொல்லிக்கொண்டே இருந்தான். கேபிள் தரையில் கிடந்தது.

லூப்பேக் இன்டர்ஃபேஸுக்கு "ஸ்டேட் அன்னோன்" என்று காட்டுகிறது. வைரஸா?

இல்லை. அது கம்ப்யூட்டர் தன்னோடு தானே பேசிக்கொள்ளும் வழி. கேபிளும் இல்லை, மறுமுனையும் இல்லை. அதன் டிரைவர் நிலையைச் சொல்வதே இல்லை. ஃபைபருக்கு பிபிபிஓஇ (பெயர், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் முறை) போட்டு வைத்தவர்களின் பிபிபி இன்டர்ஃபேஸுக்கும் பெரும்பாலும் இதே "அன்னோன்"தான் வரும். விட்டுவிடுங்கள்.

"ஐபி லிங்க்" எல்லாம் சொல்கிறது, வேகத்தை மட்டும் ஏன் சொல்லவில்லை?

எனக்கும் பல வருடக் கோபம். ஒரு போர்ட்டைப் பற்றி எவரும் கேட்கும் இரண்டாவது கேள்வி "எவ்வளவு வேகம்?" என்பதுதான். அதற்கு லினக்ஸில் "ஈத்டூல்" என்ற தனிக் கருவி. வைஃபை என்றால் "ஐடபிள்யூ" என்று மூன்றாவது ஒன்று.

இதே வேலைக்கான பழைய கட்டளை "ஐஎஃப்கான்ஃபிக்", 1983இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 4.2பிஎஸ்டி என்ற யூனிக்ஸோடு வந்தது. பிஎஸ்டிக்காரர்கள் அந்த ஒரே கருவியை வளர்த்தார்கள். ஃப்ரீபிஎஸ்டியிலும் ஓப்பன்பிஎஸ்டியிலும் இன்றைக்கு அதை அடித்தால் "மீடியா" வரியில் 1000பேஸ்டி (செம்புக் கேபிளில் 1000 மெகாபிட்), ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இரு பக்கமும் பேசுவது) என்றும், "ஸ்டேட்டஸ்" வரியில் ஆக்டிவ் அல்லது நோ கேரியர் என்றும் வந்துவிடும். ஆப்பிளின் மேக்கும் அந்த வழியில் வந்ததால் அதிலும் கிட்டத்தட்ட அப்படியே. லினக்ஸில் வேலைகளைப் பிரித்துக் கொடுத்தார்கள்: இது முகவரிக்காரர், அது வயர்காரர், இவர் ரேடியோக்காரர். கெர்னல் எழுதுகிறவர்களுக்கு அது ஒழுங்கு. தொட்டியில் தண்ணீர் வரவில்லை என்று போனவனை மூன்று ஜன்னலுக்கு அலையவிட்டால் எப்படியோ, அப்படித்தான் எனக்கு.

கேட் 6 கேபிள்தான் போட்டோம், கிகாபிட் சுவிட்ச்தான். ஆனால் 100 என்று காட்டுகிறதே?

கட்டபெட்டுப் பக்கம் ஒரு தேயிலை ஃபாக்டரி. பச்சை இலை எடை போடும் மேடையிலிருந்து ஆபீஸுக்கு ஒரு கேபிள். கேமராக்களும் அதே வழியில். ஒரு மழைக்காலத்தில் டீமேக்கர் அண்ணன் கூப்பிட்டார்: "கேமரா படம் நின்னு நின்னு வருது தம்பி, ரெக்கார்டர் போயிருச்சு போல." புது ரெக்கார்டருக்கு விலைகூடக் கேட்டு வைத்திருந்தார்.

ஈத்டூல் போட்டேன். என் பக்கக் கார்டு 1000 வரை முடியும் என்கிறது. எதிர்ப் பக்கச் சுவிட்ச்சும் 1000 வரை முடியும் என்று அறிவித்திருக்கிறது. நடப்பு வேகம் 100. இந்த மூன்றும் இப்படி ஒன்றாக நின்றால் பத்தில் ஒன்பது தடவை கேபிள்தான். ஏனென்றால் 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடிக் கம்பி போதும்: ஒன்று, இரண்டு, மூன்று, ஆறு ஆகிய கால்கள். கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும், அதாவது எட்டுக் கம்பியும் வேண்டும். "உனக்கு எவ்வளவு முடியும், எனக்கு எவ்வளவு முடியும்" என்ற பேச்சுவார்த்தை அந்த முதல் இரண்டு ஜோடியிலேயே முடிந்துவிடும். இரண்டு பேரும் ஆயிரத்துக்குச் சரி என்று கைகொடுத்துவிட்டு ஓட ஆரம்பித்தால் மூன்றாவது, நான்காவது ஜோடி கிடைக்காது. பல கார்டுகள் சில முறை முயன்று பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிக்கொள்ளும்.

எடை மேடைக்கு மேலே சுவரில் இருந்த சாக்கெட்டைத் திறந்தேன். உள்ளே தேயிலைத் தூசி, மழைக்காலத்துப் பனிமூட்டத்தின் ஈரம் ஏறி, ஈர மாவு மாதிரி அப்பியிருந்தது. பழுப்பு ஜோடியின் செம்பு பச்சைக் களிம்பு பிடித்து, விரலால் தொட்டதும் கையோடு வந்தது. வெட்டி, புதிதாகப் பஞ்ச் செய்து, மூடிபோட்ட பெட்டிக்குள் வைத்தேன். 1000 வந்தது. ரெக்கார்டருக்கு ஒன்றுமில்லை.

இதில் கருவி செய்திருக்க வேண்டியது ஒரு வரி: "100இல் ஓடுகிறது; இரு முனைக்கும் 1000 முடியும்." இரண்டு எண்ணும் அதன் கையிலேயே இருக்கின்றன. ஒரு பட்டியலில் ஒன்றும் அடுத்த பட்டியலில் இன்னொன்றுமாகக் காட்டிவிட்டு, கணக்கை நம் தலையில் போடுகிறது. நியாயமாகச் சொல்ல வேண்டும், சில டிரைவர்களோடு லினக்ஸ் கெர்னல் தன் பதிவேட்டில் "பேசிய வேகம் ஒரு கிகாபிட், உண்மை வேகம் 100, கேபிளைப் பார்" என்றே எழுதி வைக்கிறது. அதைத் தேடிப் போய்ப் படிப்பவர் எத்தனை பேர்?

கேபிள் எவ்வளவு நீளம் போகலாம்? தோட்டத்து ஷெட் வரை இழுக்கலாமா?

நூறு மீட்டர். சரிவில் வளைந்து போவதைச் சேர்த்து அளக்க வேண்டும். கண்ணுக்கு எண்பது போலத் தெரிவது கையில் நூற்றிருபது வரும். கட்டடத்துக்குக் கட்டடம் என்றால் ஃபைபர் போடுங்கள். சித்திரை இடிமழையில் வெளியே கிடக்கும் செம்புக் கேபிள் வழியாகப் போர்ட் எரிந்து போவதை நான் நிறையப் பார்த்தாயிற்று.

வைஃபையில் 866 என்று காட்டுகிறது. ஸ்பீட் டெஸ்ட்டில் அதில் பாதிகூட வருவதில்லை. யாரிடம் புகார் செய்வது?

யாரிடமும் வேண்டாம். 866 என்பது உங்கள் லேப்டாப்பும் ரவுட்டரும் அந்த நொடியில் ரேடியோவில் பேசிக்கொள்ளும் வேகம். காற்று ஒரே பாதை. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும், ஒவ்வொரு பேச்சுக்கும் "கேட்டேன், கேட்டேன்" என்று பதிலும் போக வேண்டும். அதில் பாதி கையில் வந்தாலே நல்ல வைஃபை. அதற்கு அப்பால் உங்கள் ஃபைபர் பிளான் 50 என்றால் 50தான் வரும்.

அனுப்பும் வேகமும் வாங்கும் வேகமும் வேறு வேறு. விண்டோஸ் 11 இரண்டையும் சாய்கோட்டுக்கு இரு பக்கமும் காட்டுகிறது. லினக்ஸில் "ஐடபிள்யூ" தனித்தனியாகச் சொல்லும். ஒற்றை எண்ணைக் காட்டும் கருவியை நம்பாதீர்கள், அது எந்தப் பக்கத்து எண் என்று சொல்லாது.

பட்டைகளையும் நம்ப வேண்டாம். எத்தனை டெசிபலுக்கு எத்தனை பட்டை என்று ஊருக்குப் பொதுவான கணக்கு கிடையாது. ஒரு போனில் நாலு பட்டை, பக்கத்துப் போனில் இரண்டு. டிபிஎம் (சிக்னல் வலிமை) எண்ணைப் பாருங்கள். கழித்தல் 50 அருமை, 67 வரை வீடியோ கால் தாங்கும், 80ஐத் தாண்டினால் கஷ்டம். மேக்கில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபை ஐகானைத் தொட்டால் வரும். பழைய பங்களாவை ஹோம்ஸ்டே ஆக்கியவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தக் கருங்கல் சுவர் ஒன்றைத் தாண்டினாலே 5 கிகாஹெர்ட்ஸ் சுருண்டுவிடும். அறைக்கு அறை கேபிள் இழுப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

100 எம்பி பிளான் வாங்கினேன், டவுன்லோடு 12தான் வருகிறது. ஏமாற்றுகிறார்களா?

பிளான் மெகாபிட்டில், டவுன்லோடு மெகாபைட்டில். எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை. சரியாகத்தான் வருகிறது.

கேட்பவர் மேல் தப்பில்லை, கருவிகளே ஒழுங்காக இல்லை. லினக்ஸில் நெரிசலை ஒழுங்குபடுத்தும் "டிசி" என்ற கட்டளையில் "கேபிபிஎஸ்" என்று எழுதினால் நொடிக்குக் கிலோபைட் என்று எடுத்துக்கொள்ளும். கிலோபிட் வேண்டுமென்றால் "கேபிட்" என்று எழுத வேண்டும். உலகம் முழுக்க ஒரு பொருளில் வழங்கும் சுருக்கத்தை இவர்கள் மட்டும் எட்டு மடங்காக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு ஹோம்ஸ்டேயில் விருந்தினர் வைஃபைக்கு வரம்பு போடப் போய் நானே இதில் விழுந்தேன். ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, விருந்தினர்கள் மட்டும் மகிழ்ச்சியாக இருந்திருக்கிறார்கள்.

ஆயிரமா 1024ஆ என்பது அடுத்த குழப்பம். 1024க்குக் கிபி, மெபி என்று தனிப் பெயர்கள் 1998லேயே வந்துவிட்டன. லிங்க் வேகத்துக்கு எப்போதும் ஆயிரம்தான். கருவி எதைக் காட்டினாலும் பிட்டா பைட்டா என்பதை எழுத்துக் குறைக்காமல் முழுதாக எழுதினால் பாதிச் சண்டை தீரும்.

விர்ச்சுவல் மெஷினில் கேபிளே இல்லாமல் 10000 என்று காட்டுகிறது. உண்மையா?

அலங்காரம். லினக்ஸில் கன்டெய்னர்களுக்கு (ஒரே மெஷினுக்குள் தனித்தனியாக அடைத்து ஓட்டும் புரோகிராம்களுக்கு) இடையே போடும் "விஈத்" எப்போதும் 10 கிகாபிட் என்றுதான் சொல்லும்; பின்னால் அப்படி ஒரு அளவே கிடையாது. விபிஎன்களுக்குப் பயன்படும் "டன்" இன்டர்ஃபேஸ் பல ஆண்டுகள் 10 மெகாபிட் என்று அடக்கமாகச் சொல்லி வந்தது, அதுவும் கற்பனைதான். அதைப் பார்த்து "விபிஎன்னை யாரோ முடக்கிட்டாங்க" என்று கிளம்பியவர்கள் பலர்.

கேபிளைப் பிடுங்கிவிட்டு வேகத்தைக் கேட்டால் ஈத்டூல் "அன்னோன்" என்று ஆச்சரியக்குறியோடு சொல்லும். எனக்குப் பிடித்த பதில் அதுதான். அதே கேள்வியை ஸிஸ் கோப்பில் (கெர்னல் தன் விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) கேட்டால் சில சமயம் கழித்தல் 1 வரும், சில சமயம் பிழைச் செய்தி வரும். அந்தக் கழித்தல் ஒன்றை அப்படியே வாங்கி வரைபடத்தில் போட்ட கண்காணிப்பு மென்பொருளைப் பார்த்திருக்கிறேன்: பூஜ்யத்துக்குக் கீழே ஒரு கோடு, "நெகட்டிவ் வேகம்". தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கு ஒரு சொல் வேண்டும், எண் கூடாது.

பிழை எண்ணிக்கை 4000 என்று இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

எப்போதிலிருந்து எண்ணிய 4000? கருவி சொல்லாது. அது பெரும்பாலும் கம்ப்யூட்டர் பூட் ஆன நாளிலிருந்து கூட்டிய எண். ஆறு மாதத்தில் 4000 என்றால் மறந்துவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் என்றால் எழுந்து கேபிளைப் பாருங்கள். ஒரு தடவை பார்த்துக் குறித்துக்கொண்டு, பத்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்துக் கழியுங்கள். அந்தக் கழித்தலைக் கருவியே செய்து கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

இன்னொரு ஃபாக்டரியில் இந்தக் கழித்தல்தான் கைகொடுத்தது. மதியம் நெட்வொர்க் நன்றாக இருக்கும், சாயங்காலம் இலை வந்து இறங்கியதும் பில் போடும் கம்ப்யூட்டர் தொங்கும். சிஆர்சி பிழை (வழியில் சிதைந்து வந்த தரவு) எண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அசையவில்லை. இலை வாட்டும் தொட்டிகளின் ஃபேன்களை ஒவ்வொன்றாகப் போட்டார்கள். மூன்றாவது ஃபேன் எழுந்ததும் எண் ஓட ஆரம்பித்தது. மாடியில் போய்ப் பார்த்தால் நெட்வொர்க் கேபிளை அந்த ஃபேனின் மும்முனை மின்சாரக் கேபிளோடு சேர்த்து, அழகாக, அடிக்கு ஒரு டை போட்டுக் கட்டியிருந்தார்கள். பிரித்து வேறு சுவர் வழியாக விட்டதோடு சரி.

பிழை ஏறுவதற்கு இன்னொரு பழைய காரணம் டூப்ளெக்ஸ் முரண். ஒரு முனையில் யாரோ "100, ஃபுல்" என்று கையால் நிலைநிறுத்திவிடுவார்கள். மறுமுனை தானாகப் பேசிப் பார்க்கும், பதில் வராது, 100 என்பதை மட்டும் கண்டுபிடித்துக்கொண்டு பாதுகாப்பாக ஹாஃபில் (மாறி மாறிப் பேசும் முறையில்) நின்றுவிடும். லிங்க் பச்சை, பிங் போகும், பெரிய கோப்பு மட்டும் நத்தை. கையால் நிலைநிறுத்தாதீர்கள்.

பைட் கணக்கு திடீரென்று பூஜ்யத்துக்குப் போய்விட்டது, யாரோ அழித்தார்களா?

பழைய கருவியாக இருந்தால் 32 பிட் எண்ணி. நாலே கால் பில்லியன் பைட் ஆனதும் மறுபடி பூஜ்யம். 10 மெகாபிட்டில் அதற்கு 57 நிமிடம் ஆகும், கிகாபிட் முழு வேகத்தில் 34 நொடி. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்க்கிறவருக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. 64 பிட் எண்ணியைக் கேளுங்கள்.

ஈத்0 என்று இருந்தது, இப்போது ஈஎன்பி3எஸ்0 என்கிறது. ஏன் இந்தத் தொல்லை?

கார்டு எந்த பஸ்ஸில், எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்பதுதான் பெயர். இரண்டு கார்டு வைத்த மெஷினில் பூட் ஆகும்போது ஈத்0வும் ஈத்1உம் இடம் மாறிக்கொள்ளும் வம்பு இருந்தது. அதற்காக 2013இல் ஸிஸ்டம்டி (லினக்ஸைத் துவக்கி நடத்தும் மென்பொருள்) கொண்டுவந்த முறை. சர்வருக்கு நல்லது, ஒரு கார்டு வைத்த கடைக்கு வாயில் நுழையாத பெயர். லினக்ஸில் இன்டர்ஃபேஸுக்கு அலியாஸ் வைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. "எடை மேடை", "மாடி கேமரா" என்று வைத்துவிட்டால் ஐபி லிங்க் அதையும் சேர்த்துக் காட்டும்.

மேக் முகவரியை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறதே?

இந்த மேக் ஆப்பிளுடையது இல்லை, ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் உள்ள அடையாள எண். விண்டோஸ் கோடு போடும், லினக்ஸ் முக்காற்புள்ளி, சிஸ்கோ நாலு நாலாகப் பிரித்துப் புள்ளி. பன்னிரண்டு எழுத்தும் ஒன்றாக இருந்தால் ஒன்றுதான். பள்ளிக்கூடத்துக்காரர்களுக்கு: மாணவர் போன்களின் மேக்கை ஏட்டில் எழுதி வைக்கிறீர்களே, இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றா என்று பாருங்கள். அப்படியானால் அது அந்த வைஃபைக்காகப் போன் தானே உண்டாக்கிக்கொண்ட முகவரி, நாளை மாறலாம்.

ராத்திரி அறுந்து அறுந்து வருகிறது, காலையில் நீங்கள் வந்தால் நன்றாக இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

என் தொழிலில் பாதி இந்தக் கேள்விதான். நான் வரும்போது வெயில் அடித்து, சாக்கெட் காய்ந்து, லிங்க் பச்சையாக இருக்கும். "இப்ப நல்லா இருக்கே" என்பதற்கு மேல் திரை எதுவும் சொல்லாது. நோயாளியின் இன்றைய சூட்டை மட்டும் சொல்லி, நேற்று ராத்திரி 103 போனதை மறைக்கும் தெர்மாமீட்டர் மாதிரி.

இத்தனைக்கும் இது ஒன்றும் புது யோசனை இல்லை. எஸ்என்எம்பியில் "இந்த நிலைக்குக் கடைசியாக எப்போது மாறியது" என்ற புலம் 1991இலேயே இருக்கிறது. ஜூனிப்பர் ரவுட்டர்களில் "லாஸ்ட் ஃபிளாப்டு" என்று தேதி, மணியோடு வரும். விண்டோஸில் பழைய கண்ட்ரோல் பேனலுக்குள் போய், கார்டின் மேல் இரு முறை தட்டினால் வரும் சின்னப் பெட்டியில் வேகத்துக்கு மேலே "டியூரேஷன்" என்று ஒரு வரி. அது மூன்று நாள் என்றால் நிம்மதி. நாலு மணி நேரம் என்றால் விடியற்காலையில் அறுந்து ஒட்டியிருக்கிறது. விண்டோஸை நான் பாராட்டும் அரிதான இடங்களில் ஒன்று.

லினக்ஸில் எண்ணிக்கை இருக்கிறது, நேரம் இல்லை. ஸிஸ்ஸில் "கேரியர் சேஞ்சஸ்" என்ற கோப்பு, அறுவதை ஒன்று, ஒட்டுவதை ஒன்று என்று எண்ணி, எத்தனை முறை நிலை மாறியது என்று சொல்லும். ஐபி லிங்க்கிலும் உண்டு: புள்ளிவிவரத்துக்கான எஸ்ஸை இரண்டு முறை கொடுத்தால், அனுப்பும் பிழைகளின் வரியில் கடைசி நெடுவரிசைக்கு மேலே "டிரான்ஸ்ன்ஸ்" என்று தலைப்பு இருக்கும். டிரான்ஸிஷன்ஸ் என்பதை நெடுவரிசை அகலத்துக்காக நறுக்கியிருக்கிறார்கள். ஒரு போர்ட்டைப் பற்றி நான் தெரிந்துகொள்ள விரும்பும் மிக முக்கியமான எண், யாருக்கும் உச்சரிக்க வராத ஒரு சொல்லுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. நேரம் வேண்டுமென்றால் கெர்னல் பதிவேட்டில் "லிங்க் டவுன்", "லிங்க் அப்" வரிகளைத் தேடுங்கள். அல்லது ராத்திரி "ஐபி மானிட்டர் லிங்க்" போட்டு, நேரம் பதியும் தேர்வோடு ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டுத் தூங்குங்கள்.

உங்கள் கையில் கொடுத்தால் எப்படிக் காட்டுவீர்கள்?

எடை மேடைக் கம்ப்யூட்டருக்கு இப்படி:

பெயர்: ஈத்0, எடை மேடை
ஆன் செய்திருக்கிறதா: ஆம்
மறுமுனை: இருக்கிறது, இன்று காலை 6:12 முதல்
வேகம்: 100 மெகாபிட், ஃபுல் டூப்ளெக்ஸ் (இரு முனைக்கும் 1000 முடியும்)
அறுந்தது: பூட் ஆனதிலிருந்து 14 முறை
பிழை: கடைசி ஒரு மணி நேரத்தில் 0
அதற்கு மேல்: ரவுட்டர் பதில் சொல்கிறது, வெளியே போக வழியில்லை

ஏழு வரி. இந்த விவரம் ஒவ்வொன்றையும் சிஸ்டத்துக்குள்ளிருந்தே எடுக்கலாம். பச்சை, சிவப்பு மட்டும் வைத்து நிலையைச் சொல்ல மாட்டேன். நிறம் பிரித்தறிய முடியாத ஒரு கணக்கர் எனக்கு வாடிக்கையாளர். ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு ஜேஸான் (புரோகிராம்கள் படிக்க வசதியான வடிவம்) தனியாக இருக்கட்டும். ஐபி கட்டளை அதை ஏற்கெனவே தருகிறது, மனிதர்கள் பார்க்கும் வரிகளை வெட்டி ஒட்டிப் படிக்கும் ஸ்கிரிப்டுகள் உடையும் என்ற பயம் இனி வேண்டாம்.

போன் செய்யும்போது உங்களுக்கு என்ன சொல்ல வேண்டும்?

ஃபைபர் பெட்டியில் எந்த விளக்கு எந்த நிறம். கேபிளா வைஃபையா. வேகம் என்று என்ன எண் காட்டுகிறது, விண்டோஸ் என்றால் டியூரேஷன் எவ்வளவு. ஐபி முகவரியின் முதல் இரண்டு எண். முக்கியமாக, எதையும் ஆஃப் செய்து ஆன் செய்யும் முன் திரையைப் போட்டோ எடுத்துவிடுங்கள். ரீஸ்டார்ட் செய்தால் எண்ணிகள் எல்லாம் பூஜ்யத்துக்குப் போய், ராத்திரி நடந்த கதையும் போய்விடும். "போட்டோவை வாட்ஸ்அப்ல அனுப்ப நெட் வேணுமே தம்பி" என்று கொடநாட்டு அக்கா ஒருவர் கேட்டார். எடுத்து வைத்துக்கொண்டு, மார்க்கெட்டுக்கு வரும்போது அனுப்புங்கள் அக்கா. பஸ் ஸ்டாண்ட் பக்கம் சிக்னல் கிடைக்கும்.